மணிக்கு முன்னால் விழுந்த குத்து

லாரி டயர் பட்டறையில் அவனைச் ‘சுத்தியல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரிம்மோடு இறுகிப்போன டயரை மற்றவர்கள் கம்பி போட்டு நெம்பிக் கொண்டிருக்கும்போது, அவன் முதலில் அதற்கு நாலு குத்து விடுவான். கை முட்டிகள் எல்லாம் உடைந்து சேர்ந்தவை. ‘அவனுக்குக் கோபம் மூக்கு நுனியில்’ என்பார்கள். இரண்டு முறை இடம் மாறிய அந்த மூக்குக்கு நுனி எது என்பது அவனுக்கே தெரியாது.

அடித்தே வளர்ந்தவன் அவன். வீட்டில் அப்பாவிடம் வாங்கினான், தெருவில் கொடுத்தான். கடைசியில் அக்காதான் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குத்துச்சண்டைக் கழகத்தில் சேர்த்தாள். “அடிக்கிறதுன்னா கையுறை போட்டுக்கிட்டு அடி. போலீஸாவது வராது” என்றாள். அங்கே அவன் நெட்டையன் என்ற இன்னொரு வீரனோடு மோதும் நாள்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

அந்தச் சண்டையின் கடைசிச் சுற்றில் நெட்டையனின் காதுக்குக் கீழே ஒரு குத்து விழுந்தது. விழுந்தவன் பல நாள் கண் திறக்கவில்லை. எழுந்தபோது இடது கை துணியாகத் தொங்கியது, நாக்கு கல்லாகக் கனத்தது. அந்த நாக்கால் அவன் முதலில் சொன்னது, “மணி அடிச்ச பிறகு அடிச்சான்” என்பதுதான். மணியடித்தவரோ பதற்றத்தில் ஆளுக்கு ஒரு கதை சொன்னார். கழகம் சுத்தியலை வெளியே தள்ளியது.

பல வருடங்கள் கழித்து இப்போது கழகத்தில் சிறுவர்களுக்குக் கற்றுத்தர ஒரு பயிற்சியாளர் தேவை. “நீ ஒழுங்காத்தான் அடிச்சேன்னு நெட்டையன் தன் வாயால சொல்லட்டும். அன்னிக்கே வேலை உனக்கு” என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆதாரம் சுத்தியலிடம் இருந்தது. ஸ்டூடியோ வைத்திருந்த அக்கா அந்தச் சண்டையைப் படம் பிடித்து டிவிடியில் ஏற்றியிருந்தாள். அவன் அதை ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தான். மணி குத்துக்குப் பிறகுதான் ஒலித்தது. ஆனால் நெட்டையன் எவ்வளவு கூப்பிட்டும் அதைப் பார்க்க வந்ததில்லை. இப்போதுதான் ஸ்டூடியோவுக்கு வந்தான், தொங்கும் கையைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க.

அக்கா கம்ப்யூட்டரில் டிவிடியைப் போட்டாள். படம் ஓடியது. சத்தம் இல்லை.

ஓசையே இல்லாமல் குத்துகள் விழுந்தன. உதடு கிழிந்தது, எச்சிலும் ரத்தமும் தெறித்தன. நெட்டையன் கைகளை இறக்கினான். குத்து வந்தது. தலை தரையில் மோதியது.

“ஊமைப் படம் காட்டவா கூப்பிட்டே?” என்றான் நெட்டையன்.

சுத்தியல் மேஜையை ஓங்கி உதைத்தான். சுவரிலிருந்த கல்யாணப் படம் ஒன்று விழுந்து நொறுங்கியது.

“உதைச்சா சத்தம் வந்துருமாடா? கம்ப்யூட்டர் என்ன உன் டயரா?” என்று அக்கா சீறினாள். ஒரு பாட்டைப் போட்டாள். பாட்டு ஒலித்தது. “ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. போன வாரம் சிஸ்டத்தைப் புதுசா மாத்தினேன்ல, அது பழைய பிளேயரைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. புதுசுக்குப் படம் புரியுது, இந்த டிஸ்க்கோட சத்தம் புரியல.”

“ரெண்டு அறை விட்டுப் புரிய வைக்கவா?”

“உனக்கு வேணும்னா விடறேன், உட்காரு.”

அவள் எதையெதையோ மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் படம் ஓடியது. ஒவ்வொரு முறையும் நெட்டையன் விழுந்தான். விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று பாய்ந்து சுத்தியலின் சட்டையைப் பிடித்தான். “என்னைக் கொன்னு கொன்னு விளையாடறியா?” பொத்தான்கள் தெறித்தன. சுத்தியல் அவனைச் சுவரோடு சாய்த்து முழங்கையால் தொண்டையை அழுத்தினான்.

“தம்பி, விடுடா அவனை! அவன் செத்தா யாருடா உனக்குச் சாட்சி சொல்றது?”

அவன் கையை எடுத்தான். அக்கா டிஸ்க்கில் இருந்ததைக் கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்து, வேறு ஒரு பிளேயரை இறக்கி அதில் திறந்தாள்.

சத்தம் அறையை அறைந்தது. தோலில் கையுறை மோதும் சத்தம், கூட்டத்தின் ஊளை, எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் குரல்: “விடாதே தம்பி! உடைச்சுப் போடு அவனை!”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு ‘டக், டக்’ என்று இரண்டு மரக்கட்டைகள் மோதின. சுற்று முடியப் பத்து நொடிதான் இருக்கிறது என்று எச்சரிக்க அந்தக் கழகத்தில் அப்படித் தட்டுவார்கள். திரையில் நெட்டையன் கைகளை இறக்கினான். குத்து விழுந்தது. தலை தரையில் மோதியது. அதற்குப் பிறகே மணி ஒலித்தது.

“கட்டை…” என்றான் நெட்டையன். “கட்டைச் சத்தத்தைப் போய்… சுத்து முடிஞ்சிருச்சுன்னு…” அவன் நல்ல கையால் தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டான். மறுபடியும் அறைந்தான்.

சுத்தியலுக்கு மார்பு விம்மியது. “இப்ப சொல்லு. மணிக்கு முன்னால அடிச்சேனா, பின்னால அடிச்சேனா?”

“முன்னாலதான். அக்கா, கொஞ்சம் பின்னாடி போங்க. மெதுவா ஓட்டுங்க. அங்க… நிறுத்துங்க.”

திரையில் சுத்தியலின் முகம் உறைந்து நின்றது. நெட்டையனின் கைகள் கீழே தொங்கின. சுத்தியலின் கண்கள் அந்தக் கைகளின் மேல் இருந்தன. அவன் தன் கையை இன்னும் ஓங்கவில்லை. வாய் லேசாகச் சிரித்தது.

மணியை மட்டுமே காதில் வாங்கியவன் தன் முகத்தை அன்றுதான் பார்த்தான்.

நெட்டையனின் குத்து அவன் வாயில் விழுந்தது. பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நாற்காலியில் மோதிச் சாய்ந்தவன் உடைந்த கண்ணாடியின் மேல் கிடந்தான். அக்கா அலறினாள். நெட்டையன் ரத்தம் ஒழுகும் விரல்களால் போனை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டான்.

“சார், நான்தான். பார்த்துட்டேன். மணிக்கு முன்னாலதான் அடிச்சிருக்கான். விதியை மீறல. வேலையை அவனுக்கே குடுங்க.” மூச்சு வாங்கினான். கல்லான நாக்கைப் புரட்டி ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினான். “அங்க பயிற்சிக்கு வர்ற என் பையன் பேரை மட்டும் அடிச்சிருங்க. நாளையிலிருந்து அவன் வரமாட்டான்.”