கரும்புக்கு ஓர் அட்டை

ஹம்பர்க் நகருக்கு வெளியே, பழைய சீனி வியாபாரி ஒருவரின் மாளிகைத் தோட்டத்தில் நிற்கிறேன். கரீபியன் தீவொன்றில் அவருக்குக் கரும்புத் தோட்டம் இருந்தது. அந்தப் பணத்தில் எழுந்த மாளிகையில் இன்று மட்பாண்டப் பட்டறையும் சோப்புக் கடையும் நடக்கின்றன. ரோஜாக்களுக்கெல்லாம், வளர்த்தவர் பெயரோடு அழகான பெயர்ப்பலகைகள். கண்ணாடிக் கூடத்தில் வளரும் கரும்பின் முன்னால் மட்டும் ஜெர்மன் மொழியில் கையால் எழுதிய ஓர் அட்டை: "இதை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்ட அடிமைகள். இந்த மாளிகை அவர்களின் உழைப்பு."

கணவருக்குப் போனில் அதைத் தமிழில் சொல்கிறேன். மண் படிந்த கையுறையோடு ஒரு பெண் அருகில் வருகிறார். இங்கே தோட்ட வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரி.

"நான்தான் எழுதினனான். ரெண்டு தரம் கழட்டிப்போட்டினம். இது மூண்டாம் தரம்."

"வேலை போயிடாதோ அக்கா?"

"போனால் போகட்டும். ரோசாவை ஆர் வளர்த்ததெண்டு எழுதலாம், கரும்பை ஆர் வெட்டினதெண்டு எழுத ஏலாதோ?"

மாளிகையின் மேலாளர் வருகிறார். "மக்கள் இங்கே இளைப்பாற வருகிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தபடியே அட்டையைக் கழற்றுகிறார்.

அக்கா தடுக்கவில்லை. அதில் எழுதியிருந்ததை ஜெர்மன் மொழியில், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார். சோப்புப் பைகளோடு போனவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

"இன்னொரு முறை சொல்லுங்கள்," என்கிறார் ஒரு முதியவர்.

இந்த முறை நானும் சேர்ந்து சொல்கிறேன். மேலாளர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார்.