சூடு புகாத கொட்டகை

இந்துஜாவை வேலைக்குச் சேர்த்த அன்று ஹரிகிருஷ்ணன் கேட்ட முதல் கேள்வி, தம் கையிலிருந்த ஆங்கிலக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்பதுதான்.

"பேனல் சுவர் வெச்சா வீட்டுச் சூடு வெளிய போகாதுன்னு போட்டிருக்கு, அண்ணாச்சி."

"போகாதா? போனாத்தானே நல்லது?"

"இது குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. உள்ள இருக்க சூட்டைக் காப்பாத்தணும்னு சொல்லுதாங்க."

"சூட்டையா! கோவில்பட்டில வந்து கேட்டா லாரியில ஏத்தி விடுவோமே, தாயி." கொஞ்சம் யோசித்தார். "சரி, வெளிய போக விடாத சுவரு உள்ள வரவும் விடாதுல்லா?"

"விடாது."

"அப்ப நாளையிலேருந்து வா. படம் போட்டுத் தா."

அவள் தலையசைத்துவிட்டு எழுந்தாள். அதற்கு மேல் பேசுவது அவள் வழக்கமில்லை.

அதுவரை ஹரிகிருஷ்ணன் தகரக் கொட்டகை போடுகிறவர். கயத்தாறிலிருந்து எட்டயபுரம் வரை ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் போட்டிருக்கிறார். கரிசல் வெயிலில் ஏதாவது குறை இருந்தால் அதைத் தம் தகரத்தால் நிறைவுசெய்து வந்தார் என்று சொல்லலாம். புதியம்புத்தூரில் தங்கை செண்பகவல்லி தொடங்கிய தையல் கூடமும் அவர் போட்ட கொட்டகைதான். தங்கைக்கு என்பதால் கூடுதல் கனமான தகரம்.

சித்திரை பிறந்துவிட்டால் உச்சிக்கு முன்பே தையல் பெண்கள் தலைவலி என்று ஒவ்வொருத்தியாக எழுந்துபோவார்கள். செண்பகவல்லி பழைய ஏசி ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தாள். அது தந்த குளிரை எல்லாம் தகரமே தின்று தீர்த்தது.

"அண்ணே, யூனிபாரம் ஆர்டர் வர்ற நேரம். தைக்க ஆளு நிக்க மாட்டேங்கு. இந்த வருசமும் இப்படியே போச்சுன்னா மிஷினை எல்லாம் வித்துட்டு வீட்டுல உக்காந்துருவேன். நீ போட்ட அடுப்பு, நீயே பாத்துக்கோ."

அடுப்பு என்ற சொல் அவரை வெகுவாகச் சுட்டிருக்க வேண்டும். அப்படித்தான் பேனல் சுவருக்கு வந்தார்: இரண்டு மெல்லிய தகடு, நடுவில் ஃபோம், ஒரு ஓரத்தில் நாக்கு, மறு ஓரத்தில் பள்ளம். வெல்டிங் வேண்டாம், இரண்டு பேர் தூக்கிப் பூட்டினால் சுவர். இந்துஜா கணினியில் வரைந்தபடியே செய்து பார்த்தார்கள். காலையில் பூட்டியது மதியம் பூட்ட மறுத்தது. வெயிலில் தகடு விரிந்துவிட்டது. இந்துஜா பள்ளத்தை ஒரு மயிரிழை அகலமாக்கினாள்.

சனிக்கிழமை மாலை பழைய தகரம் இறங்கியது. திங்களன்று புதுக் கூடத்தில் தையல் ஓடியது. கதவைச் சாத்தியதும் ஏசிக்கு அன்றுதான் உயிர் வந்தது. மதியத்துக்குப் பிறகும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஹரிகிருஷ்ணன் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

மறுநாள், யூனிபாரத்துக்குத் துணி கொடுக்கும் தூத்துக்குடி வியாபாரி காளிராஜ் செண்பகவல்லிக்குப் போன் செய்தார்.

"மனசைத் தேத்திக்கோம்மா. தவறுனது யாரு, பெரியவங்களா?"

"இங்கன யாரும் தவறலையே, அண்ணாச்சி!" என்றாள் செண்பகவல்லி.

"என்னம்மா சொல்லுத? நேத்து துணி கொண்டாந்தேன். பட்டப்பகல்ல கதவு சாத்திக் கெடக்கு. வாசல் பூரா பொம்பளையாள் செருப்பு. உள்ள ஒரு சத்தத்தக் காணோம். பள்ளிக்கூடம் போற பிள்ளைக துணியைச் சாவு வீட்டுலயா இறக்குவாக? வேற இடத்துல இறக்கிட்டேன். அடுத்த லோடு வெள்ளிக்கிழமை. அப்பப் பாப்போம்."

செண்பகவல்லி போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"மிஷின் சத்தங்கூட வெளிய போகலை, பாத்தியா!" என்றார் அவர்.

"ஆமா. ஆர்டர்தான் போயிருச்சு."

பகலில் கதவைத் திறந்துவைக்கிற ஊர். கையேட்டுக்காரனுக்கு இது தெரிய நியாயமில்லை, ஹரிகிருஷ்ணனுக்குத் தெரிந்திருக்கலாம். துணி விரிக்கிற இடத்துக்குள் செருப்பைக் கொண்டுவரப் பெண்கள் சம்மதிக்கவில்லை. செண்பகவல்லி கதவுக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தாள். அரை நாளில் கூடம் பழையபடி கொதித்தது. இரண்டு பெண்கள் தலைவலி என்று எழுந்துபோனார்கள்.

வேறு வழியில்லாமல், வெயிலுக்கு ஊசிமுனை இடமும் விடக்கூடாது என்று மாதக்கணக்காகப் பாடுபட்ட மனிதர், தெருவைப் பார்த்த பேனலில் தாமே சதுரமாக ஓட்டை போட்டார். அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரட்டைக் கண்ணாடி வைத்து, கதவைச் சாத்தி, வியாழக்கிழமை வெளியே நின்று காளிராஜின் கண்ணால் உள்ளே பார்த்தார். வரிசையாகப் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பஞ்சுத் தூசி விழுந்தோ என்னவோ, ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சாவு வீடு என்பது முன்பாவது சந்தேகம்தான். இப்போது கண்ணாடி போட்டு உறுதிப்படுத்தியாயிற்று.

கோவில்பட்டிக்குத் திரும்பியவர் நேரே இந்துஜாவின் மேஜைக்கு வந்தார். நாற்காலியை இழுத்தார், உட்காரவில்லை. அவள் படத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அந்தப் பிள்ளைகளுக்குத் தலை நிமிர நேரமில்ல, தாயி. நிமிர்ந்தா வேலை கெடும்."

அவள் காத்திருந்தாள்.

"செண்பகத்தை உக்காத்தி வைக்கலாம்னா, அவ சிரிச்சா காளிராஜ் அண்ணாச்சி பயந்துருவாரு."

அவள் மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

"நாளைக்கு ஒரு நாளு நீ புதியம்புத்தூருக்கு வாயேன். கண்ணாடிக்கு நேரா நாற்காலி போடுதேன். அவரு வண்டி வந்து நிக்கையில, அவரைப் பாத்து ஒருதரம், நல்லா பல்லு தெரியச் சிரிச்சிரு."