அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, சரிவில் இருந்த என் வீட்டுக்கு ரோட்டிலிருந்து அறுபத்திரண்டு படி. நானும் என் வீட்டுக்காரரும் கல் சுமந்து கட்டிய படிகள். கட்டும்போது எண்ணவில்லை. முழங்கால் வலி வந்த பிறகுதான் ஒவ்வொன்றாய் எண்ணத் தொடங்கினேன். அவர் போய் ஆறு வருஷம் கழித்து, வீட்டை விற்றுவிடுவது என்று நானே முடிவெடுத்தேன். யாரும் சொல்லி இல்லை.

பிலிமத்தலாவையில், மகள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. சமதரை. வாசலுக்கு ஒரே ஒரு படி. தீபாவளி வரைக்கும் எனக்காகப் பொறுத்திருப்பதாக அதன் சொந்தக்காரர் சொன்னார். அதற்குள் என் வீடு விலை போகாவிட்டால் எனக்கு மகள் வீட்டு முன்னறைதான். மகளும் நல்லவள், மருமகனும் நல்லவர். ஆனால் நான் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், ஒரே காம்பராவில் எட்டுப் பேராய்ப் படுத்து வளர்ந்தவள். பிறகு சொந்தமாக ஒரு வாசல் கிடைத்தது, அதன் சாவி என் இடுப்பில் இருந்தது. அதை விட்டுவிட்டு இன்னொரு வீட்டில் விருந்தாளியாக இருக்க எனக்கு மனசில்லை.

வீடு பார்க்க ஆள் வருகிறது என்றதும் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் துரை லயம் பார்க்க வருகிற நாள் எங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். கங்காணி சத்தம் போட்டுக்கொண்டே போவார். உடனே முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்போம். கோழிகளைக் கூடையில் அடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளுவோம். கொடியில் கிடக்கும் துணி, விறகு, ஒழுகுகிற இடத்தில் வைத்த சட்டி எல்லாம் மறைந்துவிடும். ஒழுகுகிறது என்று வாயைத் திறந்தால் கங்காணிக்குக் கோபம் வரும். துரை இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வருவார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். ஒருத்தர் வந்து நம் வீட்டைப் பார்ப்பது என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எழுபது வயதுக்கு மேலும் அதையே செய்தேன்.

பின்னறைச் சுவர் மண்திட்டை ஒட்டி இருந்தது. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கான் என்கிற தண்ணீர் வாய்க்கால் வெட்டியவர். தேயிலை மலையில் வெட்டுவது போலவே, வீட்டுக்கு மேலே சரிவாக ஒரு கான் வெட்டியிருந்தார். வருஷத்துக்கு இரண்டு தரம் இலை குப்பையை அள்ளிவிட்டால் மழைத்தண்ணீர் வீட்டைத் தொடாமல் ஓரமாக ஓடிவிடும். அவருக்குப் பிறகு அள்ள ஆளில்லை. முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஊறிச் சுவர் கறுத்துவிட்டது. நான் அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்து, பெரிய அலுமாரியை இழுத்து முன்னால் வைத்தேன். பாதி ஜன்னல் மறைந்து போனது.

மகள் வந்து பார்த்தாள்.

"என்னம்மா இது, அலுமாரிய ஜன்னலுக்கு முன்னால வச்சிருக்கீங்க?"

"அங்கதான் அழகா இருக்கு."

"ஈரத்த காட்டிருங்கம்மா. வாங்க வர்றவங்க கண்ண மூடிக்கிட்டா வருவாங்க?"

"ஒன்ன பெத்தவ நான். எனக்கு சொல்லித் தராத."

முதலில் வந்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் இறங்கிப் போனார்கள். அணைந்த அடுப்பையும் வெறுங்கொடியையும் பார்த்துவிட்டு, "இங்க யாரும் குடியிருக்கலையா?" என்று மட்டும் கேட்டார்கள்.

அடுத்து வந்தவர்கள் மடவளையில் துணிக்கடை வைத்திருந்த புருஷன் பெண்சாதி. அவர் பின்னறைக்குள் நுழைந்ததும் சிரித்தார். "இந்த அலுமாரிக்கு ஜன்னலோட என்ன கோவம்? முதுகக் காட்டிட்டு நிக்குது." அவர் பெண்சாதி சின்ன வயசுப் பிள்ளை. அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டாள். வெளியே எடுத்தபோது விரலெல்லாம் வெள்ளை. ஈரத்தில் பெயின்ட் காயவே இல்லை.

"அம்மா, மழைக்கு தண்ணி எந்தப் பக்கத்தால வரும்?"

"தண்ணியா? இங்கயா? வராதே மகள்."

நான் கொடுத்த பழைய பேப்பரில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரிம்மா. யோசிச்சு சொல்றோம்." குத்திப் பேசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவள் மரியாதையாகப் போனதுதான் எனக்கு வலித்தது.

சாயங்காலம் மகள் போன் எடுத்துக் கேட்டாள். "என்னம்மா, துரை வந்து தலைய ஆட்டிட்டு போயிட்டாரா?" நான் போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு காதிலேயே நின்றது. துரை எங்கள் காம்பராவில் ஒரு நாளும் படுக்கப் போகிறவரில்லை. இந்தப் பிள்ளை அந்தச் சுவரோரமாகத்தான் படுப்பாள். அவளிடம் போய் மறைத்தேனே.

தீபாவளிக்கு இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் இருந்தது. கூலிக்கு ஒருவரைக் கூப்பிட்டு, நான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, கானை முழுக்க அள்ளச் செய்தேன். அலுமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளினோம். பெயின்டைச் சுரண்டினோம். பிறகு மகளிடம் நம்பரைப் போடச் சொல்லி அந்த மடவளைப் பிள்ளையிடம் நானே பேசினேன். "மகள், அன்னைக்கு நான் சொன்னது பொய். மழை நல்லா கொட்டுற நாளா பாத்து ஒரு தரம் வாங்க. வாங்காட்டியும் பரவாயில்ல."

வந்தார்கள். குடையை மடக்குகிற நேரத்துக்குள் முழுக்க நனைந்துவிட்டார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கொடியில் என் சேலை, இஸ்தோப்பில் கோழி ஒதுங்கி நின்றது. கறுத்த சுவரைக் காட்டினேன். ஜன்னலால் மேலே கானைக் காட்டினேன். தண்ணீர் கயிறு மாதிரித் திரண்டு ஓரமாக ஓடியது. எந்த மாதம் அள்ள வேண்டும், எந்த மூலையில் பலா இலை அடைக்கும், எல்லாம் சொன்னேன்.

வீட்டுக் கடதாசிகள் வைத்திருந்த பிஸ்கட் டின்னையும் திறந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் வீட்டு உறுதிப் பத்திரத்துக்குச் சிவப்பு நூல், காணிப் பிளானுக்குப் பச்சை நூல், வரிக்கும் கரண்டுக்கும் கட்டிய துண்டுகளுக்கு வெள்ளை நூல். கடைக்காரர் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தேன், ஒரு கடதாசிக்கும் தடுமாறவில்லை. வீடு விற்கிறவர்கள் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னால் இந்த டின்னைச் சரிபண்ணி வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் அது எதனால் என்று கண்டுபிடித்து, அதையும் சேர்த்துக் காட்டிவிட வேண்டும்.

அந்தப் பிள்ளை அடுப்படியில் குந்தி என் பிளேன் டீயைக் குடித்தாள். "இப்பதான் ஊடு மாதிரி ஈக்குது," என்றாள்.

"அலுமாரிக்கும் கோவம் தீந்துட்டுது," என்றார் அவர்.

சுவருக்காகக் கொஞ்சம் குறைக்கக் கேட்டார்கள். நியாயம்தான், குறைத்தேன். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது கையெழுத்து வைத்தோம். என் பெயரை நானே எழுதினேன், கைநாட்டு வைக்கவில்லை.

இப்போது எனக்கு ஒரே ஒரு படி. மகள் கறி கொண்டுவந்தாலும் வெளியே நின்று, "அம்மா, கதவ தொறங்க," என்று கூப்பிட வேண்டும். நான் ஆறுதலாக, அவசரப்படாமல் எழுந்து போய்த் திறப்பேன். போன மழைக்கு மடவளைப் பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, கான்ல தண்ணி நிக்குது. எந்த மூலைய அள்ளணும்?"

"பலா மரத்தடிய பாருங்க மகள்," என்றேன். அவள் போனை வைக்கவில்லை. மழைச் சத்தம் கேட்டது, மண்வெட்டிச் சத்தம் கேட்டது, பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தமும் கேட்டது.