மெம்பரக்கா கூப்பிட்ட பெரட்டு

சனிக்கிழமை காலை வகுப்புக்காக நானுஓயாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அப்பா அழைத்தார். "மெம்பரக்கா போயிட்டாங்கம்மா" என்றார். முந்தின நாள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.  செய்தியைச் சொன்ன பிறகும் அப்பா அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவர் எதை நினைத்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்த நினைவு மலரில் நான் எழுதப் போவதும் அதைத்தான்.

தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் இருக்கும் உங்களிடம் செல்லநாயகி என்று சொன்னால் ஒரு கணம் யோசிப்பீர்கள். மெம்பரக்கா என்றால் யோசிக்க மாட்டீர்கள். பிரதேச சபைக்கு நம் தோட்டத்திலிருந்து போன முதல் பெண் அவர். அப்போதும் எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து எடுப்பதை அவர் விடவில்லை. சபைக் கூட்டம் இருக்கும் நாளில் மட்டும் பச்சைச் சேலை கட்டியிருப்பார்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது கொரோனா இரண்டாம் முறை பரவியது. பள்ளிக்கூடம் மூடியிருந்தது. தீபாவளி வரப்போகிறது, கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறவர்கள் இந்த வருஷம் ஊருக்கு வர வேண்டாம் என்று தலைவர்கள் வானொலியில் சொன்னார்கள். வருஷம் முழுவதும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பவர்களிடம் அப்படிச் சொன்னால் நடக்குமா? கொழும்பில் கடைகளையும் மூடிவிட்டார்கள். மரக்கறி லொறியிலும் கால்நடையாகவும் பலர் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களைத் தனி அறையில் பதினான்கு நாள் வைக்கச் சொல்லிச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

மெம்பரக்கா அந்த ஐயாவை, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கூட்டி வந்தார். ஒரு வீட்டின் கதவைத் திறந்து காட்டி, "மாத்தயா, எக்க காமரயே ஹத் தெனெக்" என்று சிங்களத்தில் சொன்னார். ஒரே அறையில் ஏழு பேர். பிறகு மேலே கையைக் காட்டினார். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போகாது. ஐந்தாம் வீட்டில் இருமினால் ஏழாம் வீட்டில் கேட்கும். ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே மெம்பரக்கா தோட்ட நிர்வாகியான பெரிய துரையிடம் போய், மூடிக் கிடந்த பிள்ளை மடுவத்தைக் கேட்டார். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் கட்டடம் அது. மேலிடத்திலிருந்து கடிதம் வர வேண்டும் என்றார் துரை. "கடிதம் மெதுவா வரட்டுங்க. வர்ற வரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கட்டும்" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். சாவி வந்தது. கடிதம் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பெரட்டு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டை நாம் எல்லோரும் அறிவோம். மெம்பரக்கா லயங்களுக்குக் கீழே ரோட்டில் நின்றுகொண்டு வீடுகளைக் கூப்பிட்டார். யாரும் கூட வேண்டாம், அவரவர் வாசலில் நின்று எத்தனை பேர், எப்படி இருக்கிறார்கள் என்று சொன்னால் போதும்.

"ஒண்ணாம் வீடு?"

"அஞ்சு பேரு. நல்லா இருக்கோம்."

"ரெண்டாம் வீடு?"

"நாலு பேரு. மாமியாருக்கு மட்டும் வாய் ஓயல, அதுக்கு மருந்து இருக்கா மெம்பரக்கா?"

"அதுக்கு ஊசி வரல. மூணாம் வீடு?"

அந்தப் பயத்தின் நடுவிலும் எல்லா வாசலிலும் சிரிப்புக் கேட்கும். எங்கள் வீடு ஆறாம் வீடு. என் குரல் நன்றாகக் கேட்கும் என்பதால் பதில் சொல்வது என் வேலை. அம்மா, தம்பி, நான். "மூணு பேரு."

தண்ணீர்த் தாங்கியடியில் மட்டும்தான் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். டீச்சர் அனுப்பும் பாடங்களை எடுக்க நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் கட்சி அலுவலகத்திலிருந்து மெம்பரக்காவுக்கு அழைப்பு வந்தது. மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பது இவருடைய பதிலிலேயே தெரிந்தது. "இல்லீங்க, நோய்க் கணக்கக் கொறச்சுச் சொல்ல ஏலாது. இருக்கிறத இருக்கிற மாதிரி சொன்னாத்தான் மருந்து வரும்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க, ஓட்டுப் போகும்தான். ஓட்டுப் போடவும் ஆளு உசுரோட இருக்கணுமுங்களே." பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன படிக்கிற?" என்று கேட்டார். குடியுரிமைக் கல்வி என்றேன். "படி, படி" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

அந்த வாரம் வியாழக்கிழமை அப்பா வந்தார். கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்தவர், லொறியில் வந்து, ரோட்டை விட்டு இறங்கி, தேயிலைக்குள்ளால் நடந்து வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே ஏழாம் வீட்டு முனியாண்டித் தாத்தாவைப் போய்ப் பார்த்து ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். தாத்தாவுக்கு அப்பாமேல் அவ்வளவு பிரியம். அம்மா என்னிடம், "பெரட்டுல மூணுன்னே சொல்லு. தெரிஞ்சா லயத்த மூடிருவாங்க. யாருக்கும் வேல இருக்காது" என்றார். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் நான் உரக்க "மூணு பேரு" என்றேன்.

திங்கட்கிழமை மெம்பரக்கா ஒன்றாம் வீட்டைக் கூப்பிடவில்லை.

"இன்னிக்கு மொதல்ல மெம்பர் வீடு" என்றார். "மூணு பேரு. எம் மகன் சுதாகர் சனிக்கெழம வந்தான். இப்ப காய்ச்சல். நேத்து இதே எடத்துல நின்னு ரெண்டு பேருன்னு சொன்னேன். அது பொய்யிங்க."

மெம்பரக்கா மேலும் சொன்னார்.

"பெத்த புள்ள, மறைக்கத் தோணுச்சு. உங்க வீட்டுக் கணக்கக் கேக்க எனக்கு வாயில்ல இப்ப. என் வீட்டுக் கணக்கச் சொல்லிட்டேன். அவனப் பிள்ளை மடுவத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். வேற யாரும் இருந்தா வாங்க, சோறு நான் தாரேன்."

முதலில் ஒன்பதாம் வீட்டு அக்கா அழுதுகொண்டே தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். பிறகு இரண்டாம் வீடு. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்து, "எங்க வீட்டுக்காரரும் வந்துட்டாருங்க. நேத்துத்தான்" என்றார். நேற்றில்லை, வியாழன் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

நான்கு பேரும் பிள்ளை மடுவத்தில் இருந்தார்கள். மெம்பரக்கா வாளியில் சோறு கொண்டுபோய் ஜன்னலில் வைப்பார். அப்பாவுக்கும் சுதாகர் அண்ணனுக்கும் நோய் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. இருவரும் தேறினார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையே காய்ச்சலில் படுத்த முனியாண்டித் தாத்தா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலைக்கூடத் தரவில்லை. தாத்தாவின் மகன் லெச்சுமணன் மாமா ரோட்டில் நின்று சத்தம் போட்டார்.

"மெம்பரு மகன் கொண்டாந்த சீக்குத்தான் எங்கப்பாவக் கொண்டுபோயிருச்சு. ஒரு நாள் மறைச்சேன்னு அவங்களே சொன்னாங்கல்ல?"

மெம்பரக்கா தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டார். 

அன்று பின்னேரம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். அப்பா வந்தது வியாழக்கிழமை என்றும் தாத்தாவைப் பார்த்தது அவர்தான் என்றும் சொல்லி அழுதார். மெம்பரக்கா ஆச்சரியப்படவில்லை. "ஒன் வீட்டுக் கொடியில வேட்டி காயுறப்பவே தெரியும் தங்கச்சி. நானே ஒருத்தன மறைச்சு வச்சிருந்தேன், ஒன்ன எப்படிக் கேப்பேன்?" என்றார். பிறகு, "இப்ப சொல்லாத. அவங்க ஒனக்குப் பக்கத்து வீடு. ஒரே பைப்புல தண்ணி புடிக்கணும். எம் மேல கோவிச்சுட்டுப் போகட்டும். கோவிச்சா ஓட்டுத்தான் போகும்" என்றார். திரும்பும்போது, "அப்பாவுக்குக் கொத்தமல்லி அவிச்சு அனுப்பும்மா" என்று என்னிடம் சொன்னார்.

ஓட்டுப் போனது. அடுத்த தேர்தலில் நம் லயங்களே அவருக்குப் போடவில்லை. மறுநாள் மலையில் யாரோ, "என்ன மெம்பரக்கா, இனிமே பச்சச் சேலைக்கு லீவா?" என்று குத்திக் கேட்டார்களாம். "ஓட்டு வரல. கொழுந்து வந்திருக்கு, எடு" என்றாராம். இதை வீட்டில் சொல்லி அம்மா சிரிக்கப் பார்த்தார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த நோய் யார் மூலம் தாத்தாவிடம் போனது என்று எந்த வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று உயர்தர வகுப்பில் படிக்கும் எனக்கு இப்போது தெரியும். ஆனால் நாட்களை எண்ணத் தெரியும். சுதாகர் அண்ணன் சனிக்கிழமை வந்தார், திங்கட்கிழமை வரை தாயின் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தாத்தா ஞாயிற்றுக்கிழமை படுத்தார். அப்பா வியாழக்கிழமை வந்தார்.

மெம்பரக்கா அன்று அம்மாவிடம் "இப்ப சொல்லாத" என்றுதான் சொன்னார். எப்போதுமே சொல்லாதே என்று சொல்லவில்லை. நாங்கள்தான் அப்படி எடுத்துக்கொண்டோம், அது எங்களுக்கு வசதியாக இருந்தது. அவர் உயிரோடு இருந்தபோதே, அந்தத் தேர்தலுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னபோது அப்பாவிடம் கேட்டேன். "எழுது. ஆனா லெச்சுமணன் அதப் படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது, மொதல்ல நானே சொல்லிடுறேன்" என்று சொல்லி, சட்டையை மாட்டிக்கொண்டு ஏழாம் வீட்டுக்குப் போனார். மாமா முழுவதையும் கேட்டாராம்.  அப்பா திரும்பி வரும்போது கதவை மூடவில்லையாம்.

மெம்பரக்காவின் சாமர்த்தியமோ துணிச்சலோ எனக்கு வரும் என்று சொல்ல மாட்டேன். ரோட்டில் நின்று தன் வீட்டை முதலில் கூப்பிட்டாரே, அந்தத் திங்கட்கிழமைக் காலையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அவர் என் வீட்டையும் கூப்பிட்டார். என் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது.

ஆறாம் வீடு. வியாழக்கிழமையிலிருந்து நாலு பேரு, மெம்பரக்கா.