சந்தனம் பூசிய கேம் கேசட்

விக்காமப்போய், கம்பெனி தயாரிக்கறதையே நிறுத்திட்ட ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. அதோட கேம்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஓட வச்சுக் காப்பாத்தணும்னு உலகம் பூரா நாங்க கொஞ்சம் பைத்தியங்கள் அலையறோம். ஒரே ஒரு கேம் மட்டும் எங்க யார்கிட்டயும் இல்லை.

அது இங்கே பக்கத்து ஊர் தலத்தெருவில், தெரிஞ்ச அக்கா வீட்டில் இருக்கு. அவங்க தம்பி பிரான்ஸிலேருந்து கொண்டுவந்தது.

இன்னிக்கு வாங்கப் போனேன். ஆயுத பூஜை. தையல் மெஷின், மிக்ஸி, அரிவாள்மனை வரிசையில் கேசட்டும் இருந்தது. பெட்டியில் சொருகற தகட்டு மேலேயே கெட்டியாச் சந்தனம், குங்குமம். கேம் மொத்தமும் அந்தத் தகடு வழியாத்தான் வெளியே வரணும்.

"அங்க ஏன்க்கா வச்சீங்க?"

"முன்பக்கம் படம் இருக்குல்ல தம்பி, அழிஞ்சிடும். வருஷா வருஷம் இங்கதான் வைப்பேன்."

துடைக்கலாம்னு கை நீட்டினேன்.

"பூஜையில வச்சதை இன்னிக்கு எடுக்கக்கூடாது. நாளைக்கு வாங்க."

சுண்டல் குடுத்தாங்க. சந்தனம் காயறதைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தா, எங்க கேம் ஃபோரத்தில் ஒரு ஜெர்மன்காரர் "கேசட் பத்திரமா இருக்கா?"ன்னு கேட்டிருக்கார்.

ரொம்பப் பத்திரமா, சாமி பக்கத்துலேயே இருக்குன்னு எழுதிட்டேன். சந்தனத்தை எப்படி எழுதறது, யாராவது சொல்லுங்க.