இது செங்கண்மாரி இல்லை

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்ணுக்கு. சீதனமாக வந்த வீட்டில் மாப்பிள்ளைதான் போய்க் குடியேறுவான். ஆகவே கோபம் வந்தால் பெட்டியைத் தூக்குகிறவனும் அவன்தான். தேற்றாத்தீவில் இருந்த மனைவியின் வீட்டை விட்டு நானும் அப்படித்தான் இறங்கினேன். காரணம் சின்னது, வீம்பு பெரிது. பிள்ளைகள் இருந்திருந்தால் எங்களை இழுத்துப்பிடித்துச் சேர்த்து வைத்திருப்பார்கள், அதுவும் இல்லை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். நான் வந்து சேர்ந்தது மட்டக்களப்பு நகரத்தில், வாவிக்கரையில் ஒரு வாடகை அறை. பகலில் ஹார்ட்வெயார் கடையில் வேலை, இரவில் கடைச் சோறு. பேச ஆளில்லாமல் ரேடியோவுக்குப் பதில் சொல்லப் பழகியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரத்ததான முகாம் என்றார்கள். தருமசிந்தை என்று நினைத்துவிட வேண்டாம், பொழுது போகாமல்தான் போனேன். இரத்தம் எடுத்த தாதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தலை சுத்துதா ஐயா? காலைல சாப்பிட்டிங்களா?" என்று கேட்டார். இனி ஒவ்வொரு முகாமுக்கும் வர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வரச் சொன்னார்கள். மறுபடியும் பரிசோதித்தார்கள். ஹெபடைடிஸ் சி என்றார் டாக்டர். ஈரலில் இருக்கும் கிருமி, பல வருஷம் சத்தம் போடாமல் கிடக்கும், இரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும், சில மாதம் குளிசை விழுங்கினால் நோய் மாறிவிடும். யுத்த காலத்தில் காயப்பட்டபோது எனக்கு ஏற்றிய இரத்தத்தால் வந்திருக்கலாம், வேறு வழியாகவும் இருக்கலாம் என்றார். இனி இரத்தம் கொடுக்க முடியாது என்று சொன்னதுதான் எனக்கு முதலில் சுட்டது.

கிளினிக் தாதி விளக்கினார். "ஒண்டாச் சாப்பிட்டா, ஒரே கோப்பையில குடிச்சாத் தொத்தாது. ரத்தத்தாலதான். நீங்க முகம் வழிச்ச பிளேட்ட வேற ஆரும் பாவிச்சிருந்தா அவங்களும் பாக்கணும்."

நான் முகம் வழித்து வைத்த பிளேட்டில்தான் என் மனைவி நகம் வெட்டுவாள். புது பிளேட் கையை வெட்டிவிடும் என்று அவளுக்குப் பயம். எத்தனை முறை விரலில் இரத்தத்தோடு வந்து நின்றிருக்கிறாள்!

பல வருஷத்துக்குப் பிறகு போன் எடுத்தேன்.

"நான்தான்."

"தெரியுது. சொல்லுங்க."

சொன்னேன்.

"செங்கண்மாரியா? கண் மஞ்சளாக் கிடக்கா?"

"இது செங்கண்மாரி இல்ல. கண்ணுல தெரியாது."

"கண்ணுல தெரியாட்டி மறுகா என்னெண்டு தெரியும்? கீழ்க்காய்நெல்லிய அரைச்சு மோருல குடிங்க. எண்ணெய் சேக்காதீங்க."

அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். "எனக்கு வைத்தியம் சொல்லாத. உனக்காகத்தான் போன் எடுத்தன். நகம் வெட்டின பிளேட் மறந்து போச்சா? வந்து ரத்தத்தக் குடுத்துப் பாரு."

"எனக்கும் இருந்தா?"

"குளிசை இருக்கு. மாறும்."

"நாளைக்கு வாறன்."

ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்றேன். தலை நரைத்திருந்தாள். வந்ததும் குடையை மடக்கிக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு, அத்தனை சனத்துக்கு நடுவில் என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். "மஞ்சள் இல்லதான்," என்றாள். அந்த விரல் இன்னும் கொஞ்சம் அங்கேயே இருக்கக்கூடாதா என்று இருந்தது. இரத்தம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

அவளுக்கு இருக்கவே கூடாது என்று கொக்கட்டிச்சோலை ஈஸ்வரருக்கு நேர்த்தி வைத்தேன். முடிவு வந்த அன்று அவளே போன் எடுத்தாள்.

"எனக்கு ஒண்டும் இல்லயாம்."

"நல்லது."

"ஓம். நீங்க குளிசைய ஒழுங்காப் போடுங்க." வைத்துவிட்டாள்.

சந்தோஷப்பட்டேன், சத்தியமாக. ஆனால் அதன் பின்னாலேயே வெட்கங்கெட்ட நினைப்பு ஒன்றும் வந்தது. அவளுக்கும் இருந்திருந்தால் இதே கிளினிக்குக்கு வந்திருப்பாள். இதே வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அடுத்த கிளினிக்கில் தாதி கேட்டார். "மனிசிக்குப் பாத்தாச்சா ஐயா?"

"பாத்தாச்சு. அவவுக்கு இல்ல. எனக்கு மட்டுந்தான்."

"அப்ப சந்தோஷந்தானே!"

"ஓம், சந்தோஷந்தான்," என்றேன்.