அப்பா ஜெயித்த குஸ்தி

சின்ன வெங்காய மூட்டையை லாரி மேலிருந்து தரையில் போட்டால் ஒரு சத்தம் எழும். அடியில் கனமாகவும் மேலே கொஞ்சம் சரசரப்பாகவும். தொண்ணூறுகளின் நடுவில், சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, பெரம்பலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஏறத்தாழ அதே சத்தம் டிவிக்குள்ளிருந்து கேட்கும். சுற்றிலும் கயிறு கட்டிய மேடையில் ஒரு வெள்ளைக்காரன் இன்னொரு வெள்ளைக்காரனைத் தலைக்கு மேல் தூக்கி மல்லாக்கப் போடுவான். அறையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். ஸ்டெபிலைசர் மட்டும் மூலையில் இரைந்துகொண்டிருக்கும்.

அந்த நிகழ்ச்சியை எங்கள் தெருவில் யாரும் அதன் பெயரால் அழைத்ததில்லை. பெரியவர்களுக்கு அது "குஸ்தி", எங்களுக்கு "ரெஸ்லிங்கு". மல்லர்களுக்கும் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். தாடியைப் பின்னல் போட்டிருந்தவன் "சடைத்தாடி". முழங்கால் வரை மஞ்சள் பூட்ஸ் மாட்டியவன் "மஞ்ச பூட்ஸு". அவர்களுடைய எடையும் மார்பளவும் அச்சடித்த "ட்ரம்ப் கார்டு" கட்டு ஒன்று பள்ளியில் எல்லோர் பையிலும் இருந்தது. பெண்பிள்ளைகள் அதை விளையாடக்கூடாது என்று யாரும் சொல்லாததால் நானும் விளையாடினேன். எனக்கு அப்போது பதினோரு வயது.

அப்பா பெரம்பலூர் - அரியலூர் தடத்தில் ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மெலிந்த உடம்பு, பெரிய குரல். சனிக்கிழமை மட்டும் டிரிப்பை யாரிடமாவது மாற்றிக்கொண்டு நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். தெருவில் கலர் டிவி எங்கள் வீட்டில்தான் இருந்தது என்பதால் பக்கத்து வீட்டு டைலர் அண்ணன் தொடங்கி நான்கு வீட்டு ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பிடிக்கு என்ன பெயர், எவனுக்கு எவன்மேல் என்ன பகை, போன வாரம் யார் யாரை நாற்காலியால் அடித்தான் என்பதையெல்லாம் அப்பாதான் விளக்குவார். "இப்பப் பாரு, கால்பூட்டு போடப்போறான்" என்பார், அவனும் போடுவான். நாள் முழுக்கப் படியில் தொங்கியபடி "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தியும் யாரும் கேட்காத ஒரு மனிதருக்கு, சொன்னதை அத்தனை பேர் வாய்மூடிக் கேட்கும் இடம் அது ஒன்றுதான். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அம்மாவுக்கு அதில் ஈடுபாடு கிடையாது. "கட்டிப் பொரளுறதப் பாக்க ஒரு கூட்டம்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவார்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, விக்கிரமங்கலத்தில் விவசாயம் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பு அந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர் சொல்லும் கபடி ஆட்டக்காரர். ஜெயங்கொண்டத்தில் நடந்த ஓர் இறுதி ஆட்டத்தில் கடைசியாகப் பாடிப்போனவர் அவர். கோட்டைத் தொட ஒரு முழம் இருக்கும்போது பிடிபட்டுவிட்டார், ஊர் தோற்றுவிட்டது. அவருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது என்பது வீட்டாருக்குத் தெரியும். ஆனால் எதிர் அணி, அவர் பெண்ணெடுக்கப் பேசி முடித்திருந்த ஊர். அது போதுமானதாக இருந்தது. "பொண்ணு ஊருக்கு வுட்டுக்குடுத்துட்டான்" என்ற பேச்சு அவர் மேல் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு மாமா களத்தில் இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, பெரம்பலூருக்கு உரம் வாங்க வந்த மாமா எங்கள் வீட்டில் குஸ்தியின்போது உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, எவ்விதக் கெட்ட எண்ணமும் இல்லாமல், ஓர் ஆட்டக்காரனுக்குரிய கவனத்தோடு, கண்ணில் பட்டதைச் சொன்னார்.

"மாப்ள, அவன் கையப் பாருங்க. ஓங்கும்போது மூடியிருக்கு, மேல படும்போது விரிஞ்சிடுது. சத்தம் மூஞ்சியிலேருந்து வரல. கால தரையில தட்டுறான்."

"ரத்தம் வருதே மச்சான், அதுவும் காலுலேருந்துதான் வருதா?" என்றார் அப்பா, திரும்பாமலே.

"அது என்னமோ போங்க. ஆனா இவன் அவனத் தூக்கல. அவனே எகிறி ஏறிக்கிறான். நம்ம ஊரு கூத்துல சாவுற மாதிரிதான் இதுவும்."

டைலர் அண்ணன் சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாமலிருந்தால் அப்பா அடுத்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"வுட்டுக்குடுத்து விழறதப் பத்தி ஒங்களுக்குத் தெரியாததா மச்சான்? ஜெயங்கொண்டத்துல பாத்தவங்க சொல்லுவாங்களே."

டிவியில் மணி அடித்தது. மாமா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்பங்கரைப் பக்கம் பார்த்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா, வரேன்" என்றார். அம்மா பஜ்ஜித் தட்டோடு வெளியே வந்தபோது அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் பஸ் கிளம்பத் தயாராக நின்றாலும் மாமா ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார் என்று டிரைவர் வந்து சொன்னார். பொங்கல் சீரை அத்தை மட்டும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு வாய் காப்பியோடு கிளம்பினார். அம்மா அதைப் பற்றி அப்பாவிடம் சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் சனிக்கிழமை ஐந்து மணியானால் கொல்லைப்புறம் போய் அழுக்குத் துணிகளைக் கல்லில் அடிக்கத் தொடங்குவார். குஸ்தி முடியும்வரை அந்தச் சத்தம் நிற்காது. அப்பா டிவியின் ஒலியைக் கூட்டுவார்.

மாசி மாதம் தம்பிக்குக் காதுகுத்து வைத்தார்கள். அவனுக்கு மூன்று வயது. அப்பாவின் குலதெய்வம் அரும்பாவூர்ப் பக்கம், மலையடிவாரத்தில், ஒரு காய்ந்த ஓடையின் கரையில் இருந்தது. தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த முடியாது, மாமா வந்தார். விக்கிரமங்கலத்திலிருந்து வேன் பிடித்து, பத்துப் பதினைந்து பேரோடு, சீர்த்தட்டுகளோடு வந்தார். தம்பியை மடியில் இருத்தி, அவன் இவருடைய கையைக் கடித்து வைத்தபோதும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரிடமும் பேசினார், அப்பாவைத் தவிர. அப்பாவும் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார், மாமாவை மட்டும் அம்மாவை விட்டுக் கூப்பிடச் சொன்னார்.

சாப்பாடு முடிந்து ஆண்கள் ஓடை மணலில் புங்கமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். டைலர் அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"கண்டக்டரே, டிவியில காட்டுற கால்பூட்ட நேர்ல ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன்."

"அதுக்கு ஆள் வேணுமில்ல" என்றார் அப்பா.

"எங்க ஆளு இருக்காரே!" என்று வேனில் வந்த விக்கிரமங்கலத்து ஆட்களில் ஒருவர் மாமாவின் முதுகில் தட்டினார்.

"வேணாம்ப்பா. சாப்புட்ட வயிறு" என்றார் மாமா.

அப்பா அந்த இடத்தில் சிரித்துக்கொண்டே விட்டிருக்கலாம். "பயமா மச்சான்?" என்று கேட்டுவிட்டார். கேலியைப் போலத்தான் கேட்டார், ஆனால் ஐந்து மாதத்தில் அவர் மாமாவிடம் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே, "அண்ணே, நீ வேணாம்" என்றார். மாமா அவரைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

அப்பா டிவியில் பார்த்தபடியே குனிந்து, கைகளை விரித்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கூட்டம் உற்சாகமாகக் கத்தியது. பாய்ந்து மாமாவின் இடுப்பைப் பிடித்தார். மாமா நகரவேயில்லை. தூணைக் கட்டிப்பிடித்திருப்பவரைப்போல அப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தார். மாமா இரண்டு கைகளாலும் அவரை நெஞ்சோடு அணைத்ததும் அப்பாவின் கால்கள் மணலை விட்டு மேலே வந்துவிட்டன. ஒரு செருப்பு கழன்று விழுந்தது. விசேஷத்துக்கு எடுத்த புதுச் சட்டை தோளில் கிழிந்தது. கூட்டத்தின் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கடி தூரத்தில் நின்றேன். அப்பாவின் முகம் என் பக்கம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், உடனே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதை மாமாவும் கவனித்திருக்க வேண்டும். பிடியை விடாமல் அப்பாவைத் தரையில் இறக்கினார். அவர் வாய் அப்பாவின் காதருகே இருந்தது.

"முட்டிக்குப் பின்னால கால குடுத்துத் தள்ளுங்க மாப்ள."

அப்பா அசையவில்லை.

"தள்ளுங்கங்கறேன். புள்ளைங்க பாக்குதுல்ல."

அப்பா தள்ளினார். மாமா முழு உடம்போடும் மல்லாந்து விழுந்தார். மணல் எழும்பி என் பாவாடை வரை தெறித்தது. டைலர் அண்ணன் ஓடிவந்து மண்டியிட்டு, தரையைக் கையால் அடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று எண்ணினார். எங்கள் பக்கத்து ஆட்கள் விசிலடித்தார்கள்.

அப்போது வேன்காரர்களில் ஒருவர் உரக்கச் சொன்னார்: "அன்னைக்குப் பொண்ணெடுக்குற ஊருக்கு வுட்டுக்குடுத்தாரு, இன்னைக்குப் பொண்ணு குடுத்த ஊருக்கு வுட்டுக்குடுத்துட்டாரு!"

இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். மணலில் கிடந்த மாமாவும் சிரிக்க முயன்றார், முடியவில்லை. அப்பா திரும்பினார்.

"யாருய்யா சொன்னது, வுட்டுக்குடுத்தாருன்னு? அந்தப் புடி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான்யா தெரியும். என் பலத்துக்குத் தள்ளுனேன், விழுந்தாரு. நம்பிக்கை இல்லன்னா நீ வந்து நில்லு, பாப்போம்."

பஸ்ஸில் கத்துகிற அதே குரல். வேன்காரர் கையைத் தட்டிக்கொண்டு பின்வாங்கினார். அப்பா குனிந்து மாமாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, தன் துண்டால் அவர் முதுகிலிருந்த மணலைத் தட்டினார். மணல் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். நான் அந்த வயதுக்குரிய கடுமையோடு, அப்பா பொய் சொல்கிறார் என்று மட்டும் மனதில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாமா அப்பாவின் பஸ்ஸிலேயே, முன் சீட்டில் உட்கார்ந்து, பெரம்பலூருக்கு வந்தார். ஐந்து மணிக்கு டிவியைப் போட்டார்கள். சடைத்தாடி யாரையோ தூக்கி எறிந்தான்.

"பலமான அடிதான் மாப்ள" என்றார் மாமா.

"இல்ல மச்சான். அவனே எகிறித்தான் விழறான்" என்றார் அப்பா.

அம்மா அன்றைக்குத் துணி துவைக்கப் போகவில்லை. இருவருக்கும் டீ கொடுத்துவிட்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்று முழுக் குஸ்தியையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு, கல்யாணமோ கிடாவெட்டோ, நான்கு பேர் கூடிய இடமெல்லாம் அப்பா அந்தக் கதையைச் சொன்னார். மாமாவை மணலில் சாய்த்த கதை. சொல்லச் சொல்ல அதில் பிடிகளின் எண்ணிக்கை கூடியது. பக்கத்தில் மாமா இருந்தால், "ஆமா, அன்னைக்கு மாப்ளகிட்ட வசமா மாட்டிக்கிட்டேன்" என்று தலையாட்டுவார். எனக்குப் பதினாறு, பதினேழு வயதில் அதைக் கேட்கவே கூசியது. இனாமாக வந்த வெற்றியை ஒரு மனிதர் இத்தனை வருஷமாகச் சுமந்து காட்டிக்கொண்டிருக்கிறாரே என்று இருந்தது. கதை தொடங்கினால் எழுந்து போய்விடுவேன். ஒருமுறை, அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ தோன்ற, தண்ணீர் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு மாமா இறந்தார். விக்கிரமங்கலத்தில் காரியம் முடிந்து காரில் திரும்பும்போது, பின்சீட்டில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். பாதி வழியில் கேட்டேன்.

"அன்னைக்கு மாமா ஒங்க காதுல சொன்னது எனக்குக் கேட்டுச்சுப்பா."

"தெரியும். நீ நின்னுக்கிட்டிருந்தியே."

"அப்புறம் ஏம்ப்பா ஊரெல்லாம் அப்படிச் சொன்னீங்க?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக எதிரே வந்துகொண்டிருந்தன.

"நெசத்தச் சொன்னா அந்த மனுசன ரெண்டாவது தடவயும் வுட்டுக்குடுத்தவன்னுல்ல ஆக்கியிருப்பானுவ பாப்பா. மொத தடவ அந்தப் பேச்ச என் வூட்டுக்குள்ள எடுத்தவன் நானு."

அவ்வளவுதான் சொன்னார். 

இன்றைக்கு அந்த முன்னறையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு யாரும் வருவதில்லை. டைலர் அண்ணன் குடும்பம் திருப்பூருக்குப் போய் நாளாகிறது. கேபிள் ஒயர் போன துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறோம். அரும்பாவூர்க் கோவிலுக்குப் போன வருடம் போனேன். ஓடையில் மணல் இல்லை, பாறையும் சீமைக்கருவேலமும் இருக்கின்றன. குஸ்தி மட்டும் நிற்கவில்லை. என் மகள் போனில் பார்க்கிறாள். யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துத்தான் ஆடுகிறார்கள் என்பது அவளுக்குத் தொடக்கத்திலேயே தெரியும்; தெரிந்தே ரசிக்கிறாள். உண்மையா பொய்யா என்று அடித்துக்கொள்ளவும், அதற்காக ஐந்து மாதம் பேசாமல் இருக்கவும் இப்போது ஆளில்லை.

போன மாதம் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டிக்கொண்டிருந்த மகள் திடீரென்று கேட்டாள்.

"தாத்தா, நீங்க அந்த மாமா தாத்தாவ நெசமாவே கீழ தள்ளுனீங்களா?"

"ஆமா" என்றார் அப்பா. மாமா போன பிறகு அந்தக் கதையை அவர் வாயால் நாங்கள் கேட்கவில்லை. அன்றும் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

மகள் அவருடைய கைகளைப் பார்த்தாள். நம்பவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நெசமா?"

"நெசந்தான்" என்றேன். "நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்."